விஷ்ணுகிராந்திக்குத் தண்ணீர்

தேவாசீர்வாதம் வாத்தியார் லேசாகத்தான் தொட்டார். செடி வேரோடு கையில் வந்துவிட்டது. போன வாரம்வரை சட்டைப் பொத்தான் அளவுக்கு நீலப்பூ பூத்த விஷ்ணுகிராந்தி. மகள் கிருபாவின் கல்லறை மண்ணில் அவரே தேடிக் கொண்டுவந்து நட்டது. ‘வேதக்காரங்க கல்லறைத் தோட்டத்துல விஷ்ணுவுக்கு என்ன சார் வேலை?’ என்று காவலாள் டென்னிஸ் கேலி செய்ததைக்கூட அவர் சட்டை செய்யவில்லை. கிருபாவுக்குப் பிடித்த பூ, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திப் பறித்துக் காதோரம் செருகிக்கொள்வாள்.

நாரணாபுரத்துக் கரிசலில் எந்த வெயிலுக்கும் சாகாத செடி. இப்போது வேர் அழுகி நாறியது. சாயங்காலம் சாயங்காலம் ஒரு பாட்டில் தண்ணீர்தானே ஊற்றினோம்! இன்று பள்ளி விடுமுறை என்று காலையிலேயே வந்திருந்தார். மண் சொதசொதவென்று கிடந்தது.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. நைட் டியூட்டி முடிந்து, நர்ஸ் உடுப்பிலேயே மனைவி ஜெபராணி. கையில் சின்னக் குடம்.

“நீயுமா ஊத்துத?”

“தெனமும் வாரேன்.” அவர் கையிலிருந்த செடியைப் பார்த்தாள். “நீங்களுமா?”

ஒரே வீட்டில் இருந்தும் இது தெரியவில்லை. போன தீபாவளி சீசனில் வந்த காய்ச்சலில் கிருபாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. உதட்டை நனைத்தால் போதும் என்றார் டாக்டர். பிள்ளை தண்ணீர், தண்ணீர் என்று கெஞ்சினாள். அவர் நீட்டிய டம்ளரை ஜெபராணிதான் தட்டிவிட்டாள். அடக்கம் முடிந்த அன்று, “கேட்ட பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கலையே நீ” என்றார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு சோறு, குழம்போடு சரி.

ஜெபராணி குடத்தைக் கீழே வைத்தாள். அழுகிய வேரை விரலால் தடவினாள்.

“எனக்கும் குடுக்கணும்னுதாங்க இருந்துச்சு.”

தெரியும் என்று சொல்ல நினைத்தார். தெரிந்திருக்கவில்லையே. மண்ணைக் கிளறிவிட்டால் காயும், வேறொன்று நடலாம் என்று ஏதோ முனகியபடி மண்டியிட்டு, இரண்டு கையாலும் வேகவேகமாகத் தோண்ட ஆரம்பித்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஈரமண்ணை அள்ளி ஓரமாகப் போட்டாள்.

திடீரென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“மெதுவாங்க. பிள்ள இருக்கா.”

அவர் கை மண்ணுக்குள் அப்படியே நின்றது. அவள் பிடியை விடவில்லை.