காலியா விட்ட ஆறு கேள்வி

கமாலுதீன் பேராசிரியருக்கு எங்க மேல ரொம்ப அக்கறை. போடியில முஸ்லிம் காலேஜ் பசங்க தங்குற எங்க டிரஸ்ட் ஹாஸ்டலுக்கு மதுரையில இருந்து ஏசி கார்ல அவர் வந்து இறங்குனதே அந்த அக்கறையாலதானாம். மார்க்கச் சட்டம் தெரிஞ்ச மாணவன் தடம் மாற மாட்டான்னு நிரூபிக்க ஆராய்ச்சி. முடிவை முதல்லயே எழுதி வச்சுட்டு ஆராய்ச்சிக்குக் கிளம்புற மனுஷனை அன்னைக்குத்தான் பாத்தேன்.

எங்களுக்குக் குடுத்த தாள்ல அம்பது கேள்வி. தொழுகைக்கு முன்னாடி கைகால் கழுவுற ஒளு எப்ப முறியும், ஏழைங்களுக்குக் குடுக்குற ஜகாத் யாருக்குக் கடமைன்னு நாப்பத்தி நாலு. கடைசி ஆறு வேற மாதிரி. நீ குடிச்சிருக்கியா, கஞ்சா இழுத்திருக்கியா, உன் ரூம்மேட் குடிப்பானா, இப்படி. மேல பேரும் ரூம் நம்பரும் எழுதணும். பேரை எழுதிட்டு ஆமான்னு டிக் போட எவனாவது கேனையனா? நான் ஆறுக்கும் இல்லைன்னு போட்டேன். முந்தின வாரம்தான் குரங்கணியில குடிச்சுட்டு வாந்தி எடுத்துக் கெடந்தேன்.

அன்னைக்கு என்னைத் தூக்கிட்டு வந்து சட்டையை அலசிப் போட்டவன் என் ரூம்மேட் சிக்கந்தர். அவன் அத்தா மலையில ஏலக்காய் லோடு ஜீப்பு ஓட்டுறார். அங்க இருந்து தினம் வந்து போக முடியாது. இந்த ஹாஸ்டல் இல்லாட்டி அவனுக்குப் படிப்பே இல்லை. அவன் நாப்பத்தி நாலையும் சரியா எழுதிட்டு, அந்த ஆறையும் காலியா விட்டிருந்தான்.

டிரஸ்ட் செயலாளர் ரூமுக்கு எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. பேராசிரியரும் இருந்தார். அவர்தான் சிக்கந்தர்கிட்ட ஆரம்பிச்சார்.

"ஏன் எழுதலை? மறைக்கிறியா?"

"அடுத்தவன் பாவத்தைத் துருவிக் கேக்கிறதும் கூடாது, அல்லா மறைச்சு வச்சதை நாமளே வெளிய சொல்றதும் கூடாது சார். நான் குடிச்சிருந்தாலும் குடிக்காட்டியும் இதுதான் பதில்."

பேராசிரியர் சிரிச்சார். அதே சட்டத்துல டாக்டர் பட்டம் வாங்கின மனுஷன். "அது சட்டம் தம்பி, இது ஆராய்ச்சி. காலியா விட்டா ஆமான்னு அர்த்தம்" அப்படின்னு ஆறுக்கும் ஆமான்னு அவரே டிக் போட்டார்.

செயலாளர் குனிஞ்சு கேட்டார். "உன் ரூமுல யார் குடிக்கிறா? பேரைச் சொன்னா நீ இருக்கலாம்."

சிக்கந்தர் என் பக்கம் திரும்பவே இல்லை. தெரியாதுன்னு ஒரு பொய்யாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்.

"சொல்ல மாட்டேன் சார்" அப்படின்னான்.

செயலாளர் என்னைப் பாத்தார். "ஜமீலு, நீ நல்ல புள்ள. இவன் எப்படி?"

நான்தான் சார் குடிச்சேன்னு சொல்லியிருக்கணும்.

"கொஞ்சம் ஒரு மாதிரிதான் சார்" அப்படின்னேன். இந்த வாயில மண்ணை அள்ளிப் போட.

மத்தியானமே அவனைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வாசல்ல அவன் அத்தா பெட்டியை ஜீப்புல ஏத்திக்கிட்டு இருந்தார். அதே வாசல்ல பேராசிரியர் என்னை முன்மாதிரி மாணவன்னு தோள்ல கை போட்டு நிறுத்தினார், போட்டோவுக்கு.

"சிரிப்பா" அப்படின்னார்.

சிரிச்சேன்.