எண்ணெயைக் குறைக்கச் சொன்னார்கள்

கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் தெரு அவளைக் 'குச்சி' என்றது. பிளாஸ்டிக் குழாய் கம்பெனியில் கலவை மெஷின் வேலைக்குப் போய்ச் சில வருஷங்களில் அதே தெரு கூச்சமே இல்லாமல் 'உருளை' என்று அவள் பெயரை மாற்றியது. ஒளித்துவைத்துத் தின்கிறாள் என்பது எங்கள் தீர்ப்பு. சாட்சி யாரும் கேட்கவில்லை.

உடம்பு ஊதி, மாதவிலக்கும் முறை தவறியதும் கம்பெனி டாக்டரிடம் போனாள். அவர் தலையை நிமிர்த்தாமலே, "எண்ணெயைக் குறைம்மா" என்றார்.

அன்றே நாத்தனார் சமையல் எண்ணெயைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். "உங்க நல்லதுக்குத்தான் அண்ணி." வாணலி காய்ந்தது. உருளை மட்டும் இளைக்கவில்லை.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான், "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"குழாய் வளையறதுக்கு பவுடர்ல எண்ணெய் ஊத்துவேங்க. டிரம்முல வரும். முழங்கை வரைக்கும் வழவழன்னு ஆயிடும்."

"கிளவுஸ் போடுறதில்லையா?"

"கிழிஞ்சுபோச்சு. புதுசு கேட்டா, கல்யாணத்துக்கா போறேன்னு சூப்பர்வைசர் கேக்குறாரு."

"அது எண்ணெய் இல்லைங்க, பிளாஸ்டிக்கை இளக்குற கெமிக்கல். ஹார்மோனைக் குழப்பலாம், கொழுப்புச் செல்லைப் பெருக்கலாம்னு ஆராய்ச்சி சொல்லுது. உங்களுக்கு அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா தள்ளி நில்லுங்க."

உருளைக்கு உச்சந்தலை வரை எரிந்தது. தட்டைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், டிரம்மைப் பார்த்தவர் ஒருவருண்டா?

மறுநாள் பேக்கிங்குக்கு மாற்றச் சொன்னாள். சூப்பர்வைசர் மேலும் கீழும் பார்த்தார். "தாராளமா போ. ஸ்டூல் தாங்குமான்னு மட்டும் பாத்துக்க." பிறகு புதிதாகச் சேர்ந்த பெண்ணைக் கூப்பிட்டார். "ஏ ஒல்லி, இனிமே நீ ஊத்து. உனக்கென்ன, காத்துல பறக்குற உடம்பு."

ஒல்லி வளையலை மேலே தள்ளிக்கொண்டு வெறுங்கையோடு வந்தாள். பேக்கிங் பக்கம் நடந்துகொண்டிருந்த உருளை திரும்பினாள். நேரே போய் டிரம் மூடிமேல் ஏறி உட்கார்ந்தாள்.

"எந்திரி."

"எல்லாருக்கும் கிளவுஸ் வரட்டும் சார்."

"எந்திரின்னு சொல்றேன்ல. ஆளை விட்டுத் தூக்கவா?"

"தூக்குங்களேன். எத்தனை பேர் வேணும்னு பாத்துக் கூப்பிடுங்க."

மெஷின் காலியாகச் சுற்றியது. ஒருவரும் நகரவில்லை.

ஒல்லி சூப்பர்வைசரைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். "கொஞ்சம் நகருங்கக்கா" என்று அவளும் ஏறி உட்கார்ந்தாள்.