கணப்புக்குப் போன கட்டை

ராத்திரி முழுக்க வார்டில் கால் கடுக்க நின்றுவிட்டு, விடிந்ததும் காட்டில் போய் நிற்க வேண்டும் என்று நர்ஸம்மாவுக்கு என்ன தலையெழுத்தா? பறவைக் கணக்கெடுப்பில் அவளாகத்தான் போய்ச் சேர்ந்தாள்.

அவள் தேடியது குட்டி மரங்கொத்தி என்கிற சின்ன ஜாதிப் பறவையை. பட்டுப்போன மரத்தைக் கொத்தி, உள்ளே இருக்கும் புழுவைத் தின்று பிழைக்கிற ஜீவன். முதல் வருஷம் அவளுக்கு ஒதுக்கிய பகுதியில் ஒரு ஜோடி இருந்தது. பிறகு ஒன்று. பிறகு சத்தமே இல்லை. இந்தத் தடவையும் தென்படாவிட்டால், அந்தப் பறவைக்காகக் காட்டுக்குக் கொடுத்திருந்த பாதுகாப்பு போய்விடும். வெட்டுகிறவர்கள் எப்போது எப்போது என்று காத்திருந்தார்கள்.

இன்றைக்கும் அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்ததுதான் மிச்சம். காட்டின் மறுமுனையில் புருஷன் காரோடு நின்றார். பஸ் டிரைவர், தங்கமான மனுஷன், ஆனால் சும்மா இருக்கத் தெரியாதவர். அவள் வழக்கம்போல ஏறியதும் தூங்கிவிட்டாள். பறவை எதைத் தின்னும் என்று அவரிடம் பேச என்றைக்குத் தெம்பு இருந்தது?

வீட்டில் அவர் கணப்பை மூட்டினார். "காலை நீட்டும்மா. நல்லாக் காய்ஞ்ச கட்டை."

இன்னொரு கட்டையைப் பிளந்தார். உள்ளிருந்து கொழுத்த வெள்ளைப் புழு ஒன்று தரையில் விழுந்து நெளிந்தது. அவளுக்குத் தூக்கம் போயே போச்சு.

"ஏங்க, இது எங்க எடுத்தது?"

"உன் காட்டுலதான். பட்டுப்போனது, விழுந்து கிடக்குறதுன்னு பார்த்துப் பார்த்துப் பொறுக்குவேன். பச்சை மரத்துல கை வைப்பேனா? நீ என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிட மாட்டே?"

"எப்பலேருந்து?"

"நீ போக ஆரம்பிச்சதுலேருந்துதான். வரும்போது கால் ஐஸா இருக்கே, பாவம்னு..."

கத்தத்தான் வாயெடுத்தாள். கோடாலியும் கையுமாக அவர் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் கத்தாமல் புழுவைக் காட்டினாள்.

"இதாங்க அந்த மரங்கொத்தியோட சாப்பாடு."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. முகம் செத்துப்போயிற்று.

"பின்னாடி இன்னும் அடுக்கி வச்சிருக்கேன். திரும்பக் கொண்டுபோய்ப் போட்டா வருமா?"

"தெரியலைங்க. பறவை இல்லைன்னு கணக்கெடுப்புக்காரங்ககிட்ட இன்னைக்கே சொல்லியாகணும்."

"பரவாயில்லை, கார்ல ஏத்துறேன்" என்று அவர் வெளியே ஓடினார்.

அவள் புழுவை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு ஷூவைத் தேடினாள். இத்தனை வருஷமும் அந்த நெருப்பில் கால் என்னமோ சுகமாகத்தான் இருந்தது. அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.