வாயில்லாதவளுக்கு ஒரு வாய்

பேய்ப்படத்தின் ஐந்தாம் பாகத்தைக் கைவிட்ட மறுவாரம், முந்தைய பாகங்களில் ஊரையே கொன்று தீர்த்த மூன்று பேய்களும் மதியச் சாப்பாட்டு வேளையில் ஒப்பனைக்காரியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அந்த வேஷம் கட்டிய நடிகர்களுக்குப் போன் போட்டு விசாரித்தாள். அவரவர் வீட்டில் நலமாகத்தான் இருந்தார்கள். ஆக, வந்தவை பேய்களே. களிமண்ணில் அவள் பிடித்து, ரப்பரில் வார்த்த முகங்கள். கடைசியாக வெளிவந்த பாகத்தைப் பார்த்தவர்கள் தியேட்டரில் சிரித்துவிட்டார்கள். சிரிப்புக்கு ஆளான பேய்க்கு வேறு போக்கிடம் இல்லை.

"வந்தவங்கள வாசல்லயே நிக்க வைக்காத," என்றார் அவள் கணவர். வேன் ஓட்டுகிறவர்; எதற்கெடுத்தாலும் வயிறு குலுங்கச் சிரிப்பவர்.

நெடுங்கையன் மாடியில் தங்கிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே தெருமுனை வரை கை நீட்டிப் பழகினான். ஈரக்காலன் நடந்த தரை எந்த வெயிலிலும் காயவில்லை. வாயில்லாதவள் மட்டும் சாப்பாட்டு மேசை எதிரே உட்கார்ந்து, வேன்காரர் அள்ளிப் போடும் ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குக்குக் கீழே வழவழவென்று வெறும் தோல். அந்தப் பார்வையைக் கண்டு அவர் சிரிப்பார். அக்கம்பக்கத்தார் முதலில் ஜன்னலைச் சாத்தினார்கள், பிறகு மறந்துபோனார்கள்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் வேன்காரர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அவருடைய சிரிப்பு வாயில்லாதவளின் தொண்டைக்குள்ளிருந்து, தோலுக்குப் பின்னால், அடைத்த கதவுக்கு அப்பால் கேட்பதுபோல் கேட்டது. மனிதர் குழந்தைபோல் தொண்டையைத் தடவிக்கொண்டு மனைவியையே பார்த்தார்.

"அவர் குரலைக் குடுத்துடு," என்றாள்.

"நீதான எனக்கு வாய் வைக்காம விட்ட?" என்றது கணவரின் குரல்.

"வாய் இருந்தா ஜனங்க பயப்பட மாட்டாங்கன்னு டைரக்டர் சொன்னாரு."

"பயந்தது அவங்க. பசிச்சது எனக்கு."

ஒப்பனைக்காரி எழுந்துபோய் அச்சு மாவைக் கரைத்தாள். வேறு யார் வாயை அச்செடுப்பது? தன் உதட்டின் மேலேயே மாவைப் பூசி, காயும்வரை மூச்சை மூக்கால் இழுத்தபடி படுத்திருந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் ரப்பர் வாய் தயார். வாயில்லாதவளைக் கண்ணாடி முன் உட்காரவைத்து ஒட்டினாள். ஒட்டிய ஓரம் தானாகவே தோலோடு சேர்ந்துகொண்டது, உள்ளே அவள் செய்யாத பற்கள் முளைத்தன. பின்கட்டில் கணவர் இருமுவதும், தன் பெயரைச் சொல்லி அழைப்பதும் கேட்டது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

வாயில்லாதவள் என்ற பெயர் அதோடு ஒழிந்தது. அவள் ஒப்பனைக்காரியின் குரலிலேயே பேசினாள். கேட்ட மாத்திரத்தில் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது. தெருவில் நாய்கள் குறைந்தன. அப்புறம் பூனைகள். யாரோ பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஒப்பனைக்காரி கணவரிடம், "நான் கூப்பிட்டா முகத்தைப் பாத்துட்டு வாங்க," என்று சொல்லி வைத்தாள். கொஞ்ச காலம் பார்த்தார்.

எத்தனை வருஷத்துக்குத்தான் ஒரு மனிதர் பார்த்துக்கொண்டே இருப்பார்? இப்போதெல்லாம் சமையலறையிலிருந்து, "என்னங்க, கொஞ்சம் வாங்களேன்," என்று கேட்டால், "இதோ வரேன்மா," என்று சிரித்துக்கொண்டே எழுந்து போகிறார்.