கடைசி இலக்கம்

பதினொன்றேகாலுக்கு அக்கா வீட்டு போனிலிருந்து கூப்பிட்டாள். வலது கண்ணுக்குக் கருவிழி கேட்டு இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறவள்.

"சும்மா விசாரிக்கலாம்னு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன்டா. கருவிழி வந்திருக்காம். காலையிலயே செல்லுக்கு மெசேஜ் அனுப்பிட்டாங்களாம். வாயால சொன்னா செல்லாதாம், பன்னெண்டுக்குள்ள அந்த மெசேஜுக்கே 'சரி'ன்னு பதில் போடலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுமாம். எனக்கு ஒண்ணும் வரலையே."

அந்த ஆஸ்பத்திரியின் செய்திகளை அனுப்புவது எங்கள் கம்பெனிதான். எந்த எண்ணுக்கு எந்த வழி என்று விதி எழுதுகிறவன் நான். கொஞ்சம் திமிரோடுதான் கணினியில் பார்த்தேன். அவள் எண்ணுக்கு நேராக 'சேர்ந்தது' என்றிருந்தது.

"வந்திருக்குக்கா. நல்லா பாரு."

"ஒரு கண்ணுதான்டா தெரியல எனக்கு."

செல்லை அணைத்துப் போடச் சொன்னேன். போட்டாள். பழைய செய்திகளை அழிக்கச் சொன்னேன். அழித்தாள். ஒன்றும் வரவில்லை. அக்கா பொய் சொல்ல மாட்டாள், இயந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மணி பதினொன்று முப்பத்தைந்து.

அவள் எண்ணுக்கு நானே ஒரு 'வணக்கம்' அனுப்பினேன். என் மேசை டிராயருக்குள் ஏதோ உறுமியது. மறுபடி அனுப்பினேன், மறுபடி உறுமியது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மூன்றாவது முறைதான் டிராயரைத் திறந்தேன்.

உள்ளே சோதனைக்கு வைத்திருக்கும் போன். மூன்று வணக்கம், அதற்குக் கீழே ஆஸ்பத்திரியின் செய்தி.

போன மாதம் ஆஸ்பத்திரிச் செய்திகளைச் சோதித்தபோது என் எண்ணையும் மனைவி எண்ணையும் நோயாளிகளாகப் போட்டிருந்தேன். வீட்டில் போன் அலறாமலிருக்க, இரண்டுக்கும் வருவதை டிராயர் போனுக்குத் திருப்பிவிட்டேன். இரண்டு எண்ணுக்கும் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. இரண்டு விதி எழுதச் சோம்பல். அந்த இலக்கத்தை வெட்டிவிட்டு, 'இப்படித் தொடங்கும் எண்ணெல்லாம்' என்று ஒரே வரியில் முடித்தேன். பிறகு அந்த வரியை அழிக்க மறந்தும் போனேன். நாங்கள் சிம் வாங்கிய அன்று அதே கடையில் அக்காவும் எங்களோடுதான் வாங்கினாள். அடுத்தடுத்த மூன்று எண்கள்.

விதியை அழித்தேன். செய்தியை மறுபடி அனுப்பினேன். பதினொன்று ஐம்பதுக்கு அவள் பதில் போட்டாள். மூன்று மணிக்குள் வரச் சொல்லி ஆஸ்பத்திரி எழுதியது.

"வந்துடுச்சுடா. எந்த மடையன் பண்ணின வேலை இது?"

டிராயர் போன் இன்னும் கையில் இருந்தது. அதிலிருந்த செய்திகளைக் கீழே தள்ளிப் பார்த்தேன். பதினொரு நாளுக்கு முந்தைய தேதியில் அதே செய்தி இன்னொன்று இருந்தது. அந்தக் கருவிழி யாருக்கோ போய்விட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"நான்தான்க்கா. பதினோரு நாளைக்கு முன்னாடியே ஒண்ணு வந்திருக்கு. அதையும் நான்தான் முழுங்கிட்டேன்."



"சரி, வண்டிய எடுத்துட்டு வா," என்றாள். "வழியில என்கிட்ட பேச்சுக் குடுக்காத."