குப்புறப் படுக்கும் நேரம்

குண்டன் என்று பெயர் வைத்தது அவன் பிறந்த அன்றைக்கு. மூன்றே முக்கால் கிலோ. தூக்கிக் காட்டிய நர்ஸே அடேங்கப்பா என்று வாயைப் பிளந்தாள். நாலரை மாதத்தில் இளைத்துப்போனவனை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவன் அம்மாவுக்கு வாய் கூசியது. குடிக்கிற பாலில் பாதி அவன் வயிற்றுக்கு, பாதி அவள் தோளுக்கு. ஏப்பம் விட வைத்தாலும் எதுக்களிப்பான், வைக்காவிட்டாலும் எதுக்களிப்பான். குழந்தைன்னா கக்கத்தான் செய்யும் என்று சொல்லாத ஆள் பாக்கியில்லை. சொன்னவர்களில் ஒருவராவது அவன் கக்குகிற நேரத்தில் பக்கத்தில் இருந்து ஒரு துணியை எடுத்துக் கொடுத்ததில்லை.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். தலை நிற்கவில்லையே, அதுதான் அவளைத் தின்றது. தூக்கினால் தலை தண்டு வாடிய பூ மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. மல்லாந்தே கிடந்ததில் பின்மண்டை தட்டையாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள்: பால் குடித்து அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்திரு, பிறகு தரையில் பாய் விரித்துக் குப்புறப் போடு, எதிரே கிலுகிலுப்பையை ஆட்டு, விளையாட்டு மாதிரி இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. ஒரு மாதத்துக்குக் கட்டம் போட்ட அட்டை ஒன்றும் கொடுத்தாள், போடுகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு டிக்.

"அடுத்த வாட்டி வரும்போதும் தலை தூக்கலேன்னா ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்மா. பயப்படாதீங்க," என்றாள். பயப்படாதே என்று சொன்ன பிறகுதான் பயமே வந்தது.

அந்த அடுத்த வாட்டி நாளைக்கு. அட்டை நிறைய டிக் இருந்தது. ஆனால் குண்டன் தரையைத் தொட்டுப் பத்தொன்பது நாள் ஆகிவிட்டது, இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

முதல் பத்து நாள் ஒழுங்காகத்தான் போட்டாள். போட்ட இரண்டாவது நிமிடம் கக்குவான், துடைப்பாள், மறுபடி போடுவாள். பதினோராம் நாள், அவன் குப்புறக் கிடக்கும்போது அடுப்பில் ஏதோ தீய்ந்த வாடை வந்தது. அணைத்துவிட்டு வர அரை நிமிடம் ஆகியிருக்குமா? திரும்பி வந்தால் பால் மூக்கு வழியாக வந்து, மூச்சு அடைத்து, முகம் நாவல்பழ நிறத்தில் இருந்தது. வாரி எடுத்து முதுகில் தட்டினாள். எத்தனை தட்டு என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். கடைசியில் அவன் வீறிட்டு அழுதான். அந்த அழுகையைப் போல இனிமையான ஒன்றை அவள் கேட்டதே கிடையாது.

அதோடு சரி. பிறகு அவனைக் கீழே வைக்க அவள் கை வரவில்லை. நாள் முழுக்கத் தோளிலேயே போட்டுக்கொண்டு திரிந்தாள். சமையலும் தோளில் வைத்துக்கொண்டே, துணி அலசுவதும் அப்படியே. சாயங்காலம் அட்டையை எடுத்து ஐந்து டிக் போடுவாள். இந்த வாரம் அதற்கும் பொறுமையில்லை. திங்கட்கிழமை ஒரே உட்காரலில் வாரம் முழுவதையும் முடித்துவிட்டாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே என்று சிலதைச் சாய்த்துப் போட்டாள், போன ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டாள். பொய் சொல்வதிலும் அவளுக்கு ஒரு கைநேர்த்தி இருந்தது.

புருஷனிடம் சொல்லியிருக்கலாம். எங்கே போயிருந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவானோ என்ற பயம். அவன் கேட்காவிட்டாலும் அவளே தன்னை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டுக்கொண்டாள்.

அவன் டைல்ஸ் போடுகிறவன். ஊரில் பாதி வீட்டுத் தரை அவன் முட்டி தேயப் போட்டது. அன்று சிமெண்ட் வண்டி வரவில்லை என்று மத்தியானமே கருவிப் பையோடு வந்து நின்றான். காதில் பென்சில், முழங்காலில் வெள்ளைத் தூசி. அவள் குழந்தையைத் தோளில் போட்டபடி திகைத்து நின்றாள்.

"இன்னிக்குப் போட்டாச்சா?"

"ஆச்சு. ரெண்டு தடவை."

"மூணாவது நான் போடுறேன். ஒரு நாளாவது என் கண்ணால பாக்கணும்ல."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவன் பாயை விரித்தான். வழக்கமான இடம்தான்: வாசல் பக்கம் தலை, சுவர் பக்கம் கால். வெளிச்சத்தைப் பார்த்துத் தலை தூக்குவான் என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவனே அவன்தான். குழந்தையைக் குப்புறப் போட்டுவிட்டு எதிரே தானும் படுத்துக் கிலுகிலுப்பையை ஆட்டினான். "டேய் குண்டா, இங்க பாருடா, அப்பாடா." குண்டன் கன்னத்தைப் பாயில் அழுத்தி முனகினான். ஒரு நிமிடம் தாண்டவில்லை, கக்கிவிட்டான். பால் பாயின் ஓரத்தைத் தாண்டித் தரையில் இறங்கி, மெல்லிய கோடாக வாசலை நோக்கிப் போயிற்று.

அவள் ஓடிவந்து குழந்தையைத் தூக்கினாள். புருஷன் எழுந்திருக்கவில்லை. அந்தப் பால் கோட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"எப்பவும் இப்படித்தான் ஓடுமா?"

"ஆமா. குழந்தை மேல படாம தானா போயிடும். அது ஒண்ணுதான் நிம்மதி."

அவன் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தான். கண்ணாடிக்குள் குமிழி சுவர்ப் பக்கமாக நகர்ந்து நின்றது. கல்யாணத்துக்கு முன்பு இந்த அறைக்கு அவனே போட்ட தரை. கழுவிவிட்டால் தண்ணீர் தானாக வெளியே போகட்டும் என்று வாசல் பக்கம் வாட்டம் வைத்துப் போட்டது. ஒரு குடம் தண்ணீர் ஊற்று, விளக்குமாறே வேண்டாம் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டது.

"வாட்டம்டி," என்றான். "தலை கீழ, வயிறு மேல. எம்புள்ளைய நானே சரிவுல தலைகீழாப் போடச் சொல்லியிருக்கேன். பால் வராம என்ன பண்ணும்? கழுத்து எப்படித் தூக்கும்?"

"அவ்வளவு சரிவெல்லாம் இல்லைங்க."

"எனக்குச் சொல்றியா? நான் வச்ச வாட்டம்." அவன் பையைக் கவிழ்த்துச் சுத்தியலையும் உளியையும் எடுத்தான். "நீ ஒரு நாள் விடாம போட்டிருக்க. கையொடிஞ்சு போட்டிருக்க. உன் மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் இந்தத் தரை."

வாசலோரம் முதல் அடி விழுந்தது. குண்டன் தூக்கிவாரிப்போட்டு அழுதான். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், பழி தரையோடு போய்விடும். நாளைக்கு அந்த அம்மாவிடம் அவனே தலைகுனிந்து சொல்வான், நான் போட்ட தரைதான் மேடம் என்று. இரண்டாவது அடியில் ஒரு டைல்ஸ் குறுக்கே விரிந்தது.

"உளிய வைங்க."

"இதைப் பேத்துட்டுத்தான் மறுவேலை."

"நான் போடவே இல்லங்க."

"எதை?"

"இவனை. பத்தொம்பது நாளா கீழயே போடல. ஒரு நாள் மூக்கு வழியா வந்து மூச்சு நின்னுபோச்சு. நான் பக்கத்துல இல்ல, அடுப்பை அணைக்கப் போயிருந்தேன். அப்புறம் என்னால முடியல. அட்டையில இருக்கறதெல்லாம் பொய்."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. அவன் அவளைப் பார்த்தான், உடைந்த டைல்ஸைப் பார்த்தான்.

"அப்ப... தரையால இல்லையா?"

அவன் முகத்தில் ஒரு கணம் உயிர் வந்ததை அவள் பார்த்துவிட்டாள். அவன் வேலையில் குற்றமில்லை என்ற நிம்மதி. அவளுக்கு அவனைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. அவனுக்கும் அது உறைத்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு சுத்தியலைப் பைக்குள் போட்டான். எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

வெகுநேரம் கழித்து அவன் பாயைத் திருப்பிப் போட்டான். தலை சுவர்ப் பக்கம். "கொடு," என்றான். அவள் கொடுக்கவில்லை. தானே மண்டியிட்டு, குண்டனைக் குப்புறக் கிடத்தினாள். இரண்டு பேரும் அவன் முகத்துக்கு நேரே கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டார்கள். கிலுகிலுப்பையை யாரும் ஆட்டவில்லை. குண்டன் மூக்கைப் பாயில் தேய்த்தான். புருவம் சுருங்கியது, முகம் சிவந்தது, கழுத்தில் நரம்பு எழுந்தது. தலை எழவில்லை. இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் திரும்பினான், அவ்வளவுதான். அவள் குழந்தையின் மூச்சை எண்ணினாள்.

பிறகு கக்கினான். இந்த முறை பால் வாசலுக்கு ஓடவில்லை. பின்னால் வழிந்து அவன் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் அடியில் போய்ச் சட்டையை முழுக்க நனைத்தது. பாயை எந்தப் பக்கம் திருப்பினாலும் குண்டனுக்கு ஒன்றுதான். அவள் தூக்கித் துடைத்தாள், அழுதுகொண்டே துடைத்தாள்.

"ரெண்டு நிமிஷம் இருந்தான்," என்றான் அவன், கைக்கடிகாரத்தைப் பார்த்து. "முழுசா ரெண்டு நிமிஷம். அதையாவது எழுது. இது நெசம்ல?"

அவளுக்குக் கை ஒழியவில்லை. அவனே ஆணியில் தொங்கிய அட்டையை எடுத்தான், காதிலிருந்த பென்சிலை உருவினான். இன்றைய வரிசையில் விரலை வைத்தான். ஐந்து கட்டத்திலும் ஏற்கெனவே டிக் இருந்தது. கீழே இறங்கி நாளைய வரிசையைப் பார்த்தான். அதிலும் ஐந்து. மேலே போய்ப் போன ஞாயிற்றுக்கிழமையின் இரண்டு காலிக் கட்டங்களில் விரல் நின்றது, அங்கே எழுதவும் அவனுக்கு மனம் வரவில்லை. பென்சிலைப் பிடித்தபடி அவன் அந்த அட்டையை மேலும் கீழுமாகத் தேடிக்கொண்டே நின்றான்.