விசிறியில் எழுதிய பெயர்

கல்முனைக் கடைத்தெருவில் அப்துல் ஸமட் ஹாஜியாரின் புடவைக்கடைக்குள் அன்று காலை எட்டு மின்விசிறிகளின் இறக்கைகள் பரப்பிக் கிடந்தன. பெயர்ப்பலகை எழுதுகிறவர் குந்தியிருந்து ஒவ்வொன்றிலும் சிவப்பு நிறத்தில் எழுதிக்கொண்டிருந்தார்: 'அன்பளிப்பு - அல்ஹாஜ் அப்துல் ஸமட்.' ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ விடுதிக்குப் போகிற விசிறிகள் அவை. சுற்றும்போது பெயர் தெரியாதே என்று யாரோ கேட்டதற்கு, "கரண்ட் போனா தெரியும்தானே" என்றார் ஹாஜியார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

விசிறிகளைப் பொறுப்பேற்க வந்திருந்த மருத்துவிச்சி றாபியா சிரிக்கவில்லை.

"ஃபேன் நல்லந்தான் ஹாஜியார். ஆனா ரத்தம் வைக்கிற ஃபிறிட்ஜ் பழுதாகி நாலு மாசம். எழுதிக் கேட்டா, காசி இல்ல எண்டுதான் மேலருந்து பதில் வருது. போன மாசம் உம்மு எண்டு ஒரு நெசவுக்காரப் புள்ள, பெத்த கையோட ரத்தம் போய் மௌத்தாகிட்டா. ரெண்டு நாள்ல புள்ளையும் போயிட்டு."

"இன்னாலில்லாஹ்" என்றார் ஹாஜியார். வருத்தம் உண்மையானதுதான். "ஆனா ஃபிறிட்ஜ், மருந்தெல்லாம் கவர்மெண்டு பாக்கிற வேலயல்லவா மிஸி?"

அந்த நேரம் பார்த்து அரசாங்கமே கடைக்குள் வந்தது. வரி உத்தியோகத்தர் மக்கீன் ஒரு பிளேன்டீ குடித்தார். ஹாஜியார் காட்டிய விற்பனைப் புத்தகத்தைத் திறந்த வேகத்திலேயே மூடினார். பாதி விற்பனைக்குப் பில்லே எழுதாத கடை அது என்பது அவருக்கும் தெரியும். மனைவிக்கென்று கட்டி வைத்திருந்த சேலைப் பார்சலை வாங்கிக்கொண்டு ஸலாம் சொல்லிப் போனார்.

றாபியா பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்ட ஹாஜியாருக்குக் கொஞ்சம் கூச்சம் வந்தது.

"வருசா வருசம் ஏழைகள்ட பங்கு, ஸக்காத், ஒழுங்காக் குடுக்கன் மிஸி. அதுக்கு மேல வரியும் கட்டணுமா? கட்டினாலும் யுத்தத்துக்கு, துவக்குக்கும் ஷெல்லுக்கும்தான் போகும்."

அவர் கெட்டவரல்ல. நோன்பு மாதத்தில் அவர் கடை வாசலில் உடுக்கச் சாரன் கேட்டு வந்த ஏழை யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. அரசாங்கத்தை ஏமாற்றுவது யாரையும் ஏமாற்றுவதல்ல என்று மட்டும் அவர் நம்பினார். அந்தக் கடைத்தெருவே அப்படித்தான் நம்பியது.

ஐந்து மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை நண்பகல் ளுஹர் தொழுகை முடிந்த நேரம், அவருடைய கடைசி மகள் அஸ்னாவுக்கு வலி கண்டது. கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் பதிந்து வைத்திருந்தார். பிள்ளை மூன்று வாரம் முந்திவிட்டது. வேறு வழியில்லாமல் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை.

"எவ்வளவு எண்டாலும் தாறன், ரத்தம் எடுங்க டொக்டர்!"

"ரத்தம் விக்கிற கடை இல்ல ஹாஜியார். வைக்கிற ஃபிறிட்ஜ் இன்னும் பழுது. அம்பாறைக்குத்தான் கொண்டு போகணும்."

"அப்ப என்ட ரத்தத்த எடுங்க!"

"அதச் சோதிச்சுப் பாக்கிறவர் வேற ஊருக்கு மாறிப் போயிட்டார். அவருக்குப் பதிலா ஆள் போடல்ல."

அம்புலன்ஸ் டயர் இல்லாமல் கல்லின் மேல் நின்றது. ஹாஜியார் கடைச் சாமான் ஏற்றும் தன் வானிலேயே மகளைக் கிடத்தினார். றாபியாவும் ஏறிக்கொண்டாள். காரைதீவுச் சோதனைச் சாவடியில் இருபது நிமிடம் போனது. மாவடிப்பள்ளி வயல்களுக்கு நடுவே அஸ்னா கண்ணைத் திறந்தாள்.

"வாப்பா, குளிருது."

தன் சட்டையைக் கழற்றி அவளைப் போர்த்தினார். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அடுத்த பாலம் வருவதற்குள், நாடி பார்த்துக்கொண்டிருந்த றாபியா அவள் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

வான் திரும்பியது. குழந்தையை வாங்கிக்கொள்ள ஹாஜியார் பிரசவ விடுதிக்குள் நுழைந்தபோது அங்கே மின்சாரம் போயிருந்தது. அண்ணாந்து பார்த்தார். எட்டு விசிறிகளும் அசையாமல் நின்றன. ஜன்னல் வெளிச்சத்தில் எல்லா இறக்கையிலும் அவருடைய பெயர் தெளிவாகத் தெரிந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நாளைக்கே ஃபிறிட்ஜ் வாங்கித் தாறன் மிஸி. என்ட புள்ளைட பேரப் போட்டு."

குழந்தையை அவர் கையில் கொடுத்த றாபியாவின் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"ஃபிறிட்ஜ் வாங்கலாம் ஹாஜியார். ரத்தம் சோதிக்கிறவருக்கு மாசா மாசம் சம்பளம் ஆர் குடுக்கிற? அம்புலன்ஸுக்கு டயர் ஆர் போடுற? ஸதகா நீங்க விரும்பின நேரம் குடுக்கிறது. புள்ளப்பெறு நாங்க விரும்பின நேரமா வருது?"

ஃபிறிட்ஜ் மட்டும் அடுத்த வாரமே வந்தது. பெயர் எழுதியிருக்கவில்லை. சோதிக்க ஆள் இல்லாததால் அது வெறுமனே நின்றது.

மகளின் நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த பிறகு மக்கீன் கடைக்கு வந்தார். அனுதாபம் சொன்னார். பிறகு வழக்கம்போல் புத்தகத்தை மூடப் போனார். ஹாஜியார் அவர் கையைப் பிடித்தார்.

"மூட வேணாம் சேர். பில் எழுதாததையும் சேத்து எழுதுங்க. பார்சல் இனி இல்ல."

மக்கீன் குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் செய்யிறதுதானே ஹாஜியார். நீங்க ஒராள் கட்டி ஆஸ்பத்திரி நிமிந்திடுமா?"

"நிமிராது. துவக்குக்கும் கொஞ்சம் போகும், அதுவும் தெரியும். ஆனா நான் ஒராளா மறைக்கல்ல சேர், எல்லாரும் சேந்துதான் மறச்சம். நாங்க மறச்ச காசி கவர்மெண்டுட காசி எண்டு நெனச்சன். அது மௌத்தான நெசவுக்காரப் புள்ள உம்முட காசி, அவட புள்ளைட காசி. என்ட மகள்ட உசிரும் அதுக்குள்ளதான் இருந்திச்சு."

மக்கீன் பேனாவை எடுத்தார். அவருடைய மனைவிக்கும் அது எட்டாம் மாதம்.